பாத்திமாவுக்கு

லண்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாத்திமா,

ஏழு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. திட்டுவதை எல்லாம் சேர்த்துவை, ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். மேட்ரன் அம்மா இன்னும் அந்தக் குடையோடுதான் வருகிறார்களா? சரி, அதை அப்புறம் எழுது. நான் வேலை பார்க்கும் மனநல வார்டில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை.

80 வயதை நெருங்கும் ஒரு அம்மா. 1960களில் ஜமைக்காவிலிருந்து வந்தவர். கணவர் போய் இரண்டு மாதம். அவர்கள் வழக்கப்படி ‘நைன் நைட்’ நடந்திருக்கிறது. ஒன்பது இரவும் வீடு நிறைய சனம், பாட்டு, சாப்பாடு. பத்தாம் நாள் வீட்டில் ஒருவரும் இல்லை. அந்தியானால் கணவர் ஜெபம் பண்ணக் கூப்பிடுகிறார், குரல் கேட்கிறது என்றார். ராத்திரி அந்நிய பாஷையில், ஆவி வந்ததும் வாயில் வரும் புரியாத சொற்களில், சத்தமாக ஜெபித்தார், நம் ஹாஸ்டல் எஸ்தர் மாதிரியே. மாயக்குரல் கேட்கிறது, பொருளில்லாமல் பேசுகிறார் என்று குறிப்பு எழுதிவிட்டார் ஒரு இளம் டாக்டர். சத்தம் தாங்காமல் எஸ்தரோடு எத்தனை சண்டை போட்டிருப்போம்! ஒருநாளாவது அவளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்தோமா?

டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதை உணர்ந்ததாகவோ குரல் கேட்டதாகவோ உருவத்தைப் பார்த்ததாகவோ சொன்னார்கள். அதை நோய் என்று அவர் எழுதவில்லை. வேல்ஸ் கிராமத்துக் கிழவிக்குத் துக்கமாக இருப்பது, கறுப்பினத்து அம்மாவுக்கு மட்டும் எப்படிப் பைத்தியமாகும்? இங்கே மனநலச் சட்டத்தின் கீழ் மருத்துவமனையில் அடைக்கப்படும் விகிதம் வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவரிடம் மூன்று மடங்குக்கும் மேல். அரசாங்கக் கணக்கே இது. வறுமை, வீடு, போலீஸ் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று கேட்பவருக்கு எதிரே இருப்பவரின் சாமி தெரியாததும் அதில் ஒன்று என்று நான் நம்புகிறேன்.

மீட்டிங்கில் எழுந்து, அவருடைய பாஸ்டரைக் கூப்பிடுங்கள் என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். பாஸ்டர் வந்தார், ஒரு மணி நேரம் பேசினார். வெளியே வந்து, “ஜெபமும் குரலும் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இவர் சாப்பிடாததும் தூங்காததும் சரியில்லை. அதற்கு மருந்து கொடுங்கள்” என்றார். நாங்கள் யாரும் பிரித்துப் பார்க்காததை அவர் பிரித்துக் காட்டினார், பாத்திமா. அன்றைக்கு ராத்திரி மாத்திரையைக் கையில் வைத்து ஜெபித்துவிட்டுத்தான் விழுங்கினார் அந்த அம்மா. இப்போது கஞ்சி குடிக்கிறார்.

இது புதிய வழியும் இல்லை. தாமஸ் லாம்போ என்ற நைஜீரிய மனநல டாக்டர் இதே இங்கிலாந்தில் படித்துவிட்டுப் போனவர். 1954இல் ஆரோ என்ற ஊரில், நோயாளியைச் சொந்தக்காரர் ஒருவரோடு பக்கத்துக் கிராமத்திலேயே தங்கவைத்தார். நாட்டு வைத்தியர்களையும் கூட வைத்துக்கொண்டார். ஊசி மருந்தையும் விடவில்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ஏர்வாடி உனக்குப் பக்கத்து ஊர். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நான் மறக்கவில்லை. தர்காவை நம்பி வந்தவர்களைத்தான் அந்தக் கொட்டகைக்காரர்கள் கட்டிப் போட்டிருந்தார்கள். நம்பிக்கை மட்டும் போதும் என்று நான் எந்தக் காலத்திலும் சொல்லமாட்டேன். நம்பிக்கையைக் கேட்காத மருந்தும் பாதி வழியில் நின்றுவிடுகிறது, அதைத்தான் சொல்கிறேன்.

வாப்பா போன பிறகு உம்மா அந்தப் பிரம்பு நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை என்று எழுதியிருந்தாயே. இன்னும் மஃரிப் தொழுகைக்கு அதன் பக்கத்தில்தான் விரிப்பைப் போடுகிறார்களா? நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? அதை மட்டும் உடனே எழுது.

உன்,
செல்வி