இரவு விடுதியா ஹிட்லரைக் கொண்டுவந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் சினிமாப் பக்கத்தில் 'கபரே' படத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஹிட்லர் ஆட்சிக்கு வருமுன் பேர்ளினில் ஓர் இரவு விடுதியைச் சுற்றி நடக்கும் கதை அது. 1972இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்துக்கு நம் பத்திரிகையொன்று அரைப்பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. பொப் பொஸியின் இயக்கம், லிசா மினெலியின் நடிப்பு, 8 ஒஸ்கார் வாங்கியும் சிறந்த படத்துக்கான விருது மட்டும் 'கோட்ஃபாதர்' பக்கம் போனது, எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் குடியும் கூத்துமாய் ஒரு சமூகம் சீரழிந்தால் அங்கே ஹிட்லர் வந்து நிற்பான், அதுதான் படம் சொல்லும் பாடம் என்று கடைசிப் பந்தியில் முடித்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவர் பார்த்தது அதே படம்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

பேர்ளினில் இரவு விடுதிகள் கொடிகட்டிப் பறந்தது 1920களில். அந்தக் கொண்டாட்டத்தின் நடுவே 1928 மேயில் நடந்த தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 2.6 வீத வாக்கு. அடுத்த வருடம் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்தது, அமெரிக்கக் கடனை நம்பி ஓடிக்கொண்டிருந்த ஜேர்மனி படுத்துவிட்டது, 1932 தொடக்கத்தில் வேலையில்லாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். நாஜிகளின் வாக்கு 1930 செப்டம்பரில் 18.3 வீதம், 1932 ஜூலையில் 37.3 வீதம். படத்தின் கதை நடப்பது இந்த இரண்டு தேர்தலுக்கும் நடுவே, 1931இல். இந்த ஏற்றத்தில் ஆட்டக்காரிகளின் பங்கு எவ்வளவு என்று கட்டுரையாளர்தான் கணக்குக் காட்ட வேண்டும். ஹிட்லர் வந்த பிறகு அந்த விடுதிகளில் பலவற்றை இழுத்து மூடியதும் அவனுடைய ஆட்கள்தான். ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லித்தான் மூடினார்கள், இதையும் யோசிக்க வேண்டும்.

சரி, வரலாறு கிடக்கட்டும், படத்துக்கே வருவோம். பாட்டுகள் எல்லாம் கிட் கட் கிளப் என்ற அந்த விடுதியின் மேடையில்தான், இருட்டில், புகையில், நிகழ்ச்சியை நடத்துபவராக முகத்தில் வெள்ளையப்பி வரும் ஜோயல் கிரேயின் இளிப்போடு. மேடைக்கு வெளியே ஆட்கள் கூடிப் பாடுவது ஒரே ஓர் இடத்தில். நல்ல வெயில், நாட்டுப்புறத்தில் ஒரு பியர் தோட்டம், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஓர் அழகான பொடியன் எழுந்து புல்வெளியையும் மானையும் பற்றிப் பாடத் தொடங்குகிறான். கமெரா அவன் முகத்திலேயே நிற்கிறது, பிறகு மெல்லக் கீழே இறங்குகிறது, கையில் ஸ்வஸ்திகா பட்டி. அப்புறம் ஒரு பெண் எழும்புகிறாள், இன்னொருவர், இன்னொருவர், எல்லோர் குரலும் ஏறிக்கொண்டே போகிறது. தொப்பி போட்ட ஒரு கிழவர் மட்டும் எழும்பாமல், என்னடா இது என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார். அங்கே அரைகுறை உடுப்பில் ஒருவரும் இல்லை, கொஞ்சம் பியர்தான், எல்லோரும் மரியாதையான ஆட்கள். இது உண்மையான நாஜிப் பாட்டென்று நம்பியவர்களும் உண்டு, எழுதியதோ ஜோன் கேண்டர், பிரெட் எப் என்ற இரண்டு யூதர்கள். பாட்டு நன்றாக இருப்பதுதான் பயமே, கேட்கிற நமக்கும் எழும்பலாம் போலிருக்கும்.

அந்தத் தோட்டத்தில் மக்ஸ் என்றொரு பணக்காரப் பிரபுவும் இருக்கிறான். நாஜிகள் வெறும் காடையர்கள், கம்யூனிஸ்டுகளை ஒழித்துத் தரட்டும், பிறகு நாங்கள் அடக்கிவிடலாம் என்று முதலில் சொன்னவன் அவன். பாட்டு முடிந்ததும், இப்போதும் அடக்கலாம் என்றுதான் நினைக்கிறாயா என்று நண்பன் கேட்கிறான். மக்ஸிடம் பதில் இல்லை. கொழும்பில் இருந்துகொண்டு இந்த இடத்தைப் பார்ப்பவருக்கு எனக்கு வந்த நினைவு வராமல் இருக்காது. 1956இல் தனிச் சிங்களம், அதாவது சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி, என்ற அலையில் ஏறி ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க, அடுத்த வருடம் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு தமிழருக்கு ஓரளவு அதிகாரம் தரும் ஒப்பந்தம் செய்தார். 1958 ஏப்ரலில் பிக்குகள் அவருடைய ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததும் அதைக் கைவிட்டார். 1959இல் அதே வீட்டில் அவரைச் சுட்டதும் ஒரு பிக்கு. ஜேர்மனியும் இலங்கையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை, அது அபத்தம். ஆனால் கிளப்பி விடுவோம், பிறகு அடக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு நமக்குத் தெரியாத ஒன்றல்ல. 1983 ஜூலையில் தமிழர் வீடுகளைத் தேடி வாக்காளர் பட்டியலோடு தெருவில் இறங்கியவர்களை யாரும் ஏதோவொரு கிளப்பில் வளர்த்து அனுப்பவில்லை.

இதற்காக விடுதியை நல்ல இடம் என்று சொல்லிவிடவும் முடியாது. அங்கே ஒரு பாட்டு, கிரே ஒரு கொரில்லாவை அணைத்துக்கொண்டு, இவளை என் கண்ணால் பாருங்கள் என்று உருகுவார். சனம் சிரிக்கும், நாமும் சிரிப்போம். கடைசி வரியில்தான் தெரியும் அந்தக் கொரில்லா ஒரு யூதப் பெண் என்று. 1966இல் இது மேடை நாடகமாக வந்தபோது எதிர்ப்புக்குப் பயந்து அந்த வரியை மாற்றினார்கள், பொஸி படத்தில் திரும்ப வைத்துவிட்டார். நல்ல வேலை செய்தார் என்பேன். சிங்களத் தொலைக்காட்சிப் பகிடிகளில் தமிழனின் உச்சரிப்பை நெளித்துக் காட்டும்போது நமக்குக் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும். ஆனால் வெள்ளவத்தைக் கல்யாண வீடுகளில் மலையகத்து ஆட்களைத் 'தோட்டக்காட்டான்' என்று சொல்லிச் சிரிப்பதும், முஸ்லிம் கடைக்காரரைப் பற்றிய பகிடிகளும் என்ன வகை? அந்தக் கொரில்லாவை நம் ஆட்களும் அணைத்துக்கொண்டு ஆடியவர்கள்தான். கட்டுரையாளர் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் மற்றதையெல்லாம் மன்னித்திருப்பேன்.

இன்னொன்று, லிசா மினெலி பாடுவது மூன்றாந்தர கிளப் பாடகி மாதிரி இல்லவே இல்லை, இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஏன் அங்கே கிடந்து அல்லல்படுகிறாள் என்று தோன்றும். படத்தில் எனக்கிருக்கும் ஒரே குறை அது, ஆனால் அவர் பாடத் தொடங்கினால் அதுவும் மறந்துபோகும்.

கொழும்பில் படம் காட்டுகிற சிறிய வட்டங்கள் சில இன்னும் இருக்கின்றன, யாராவது இதைத் தமிழ் உபதலைப்புகளோடு ஒருமுறை காட்டினால் நல்லது. கருக்கலைப்பு, இருபால் உறவு எல்லாம் வருகிற படம், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். கட்டுரையாளரும் வரட்டும், அந்தக் கடைசிப் பந்தியை எந்தக் காட்சியை வைத்து எழுதினார் என்று அங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்