மீனை விற்கும் முன் ஃபில்டரைப் பற்றிச் சொல்லுங்கள்

சென்னை வண்ணமீன் கடைக்காரர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவர் என் அக்கா மகளுக்கு இரண்டடித் தொட்டி, மோட்டார் ஃபில்டர், ஆறு கோல்ட் ஃபிஷ், ஆன்டி குளோரின் பாட்டில் எல்லாவற்றையும் ஒரே மாலையில் விற்றார். "தண்ணி ஊத்தி, சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கழிச்சு மீனை விடுங்க." அவ்வளவுதான் விளக்கம். சில நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. போன் செய்து கேட்டால், ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசச் சொன்னார். அப்புறம் மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தை விற்றார். ஆறு மீனும் செத்தன. தான் தீனி அதிகம் போட்டதால்தான் செத்தன என்று அந்த எட்டு வயதுப் பிள்ளை இன்றும் நம்புகிறாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

அவள் தப்பு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மீன் செவுள் வழியாக அம்மோனியா என்ற நஞ்சை விடுகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். புது ஃபில்டரில் அது இல்லை. கொஞ்சம் வந்திருந்தாலும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கொன்றுவிடும். மிச்சமிருக்கும் பாக்டீரியாவை நீல மருந்து அழித்துவிடும். காரத்தன்மை கூடிய போர் தண்ணீரிலும், 30 டிகிரி வெயிலிலும் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் ஏறும். அதனால்தான் கேட்கிறேன்: தொட்டியை விற்கும் அன்றே மீனை விற்காதீர்கள்.

எந்த ஃபில்டர் என்பதையும், என்ன மீன் வளர்க்கப் போகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினாலும் சுமார் 56 லிட்டர்தான். அதில் ஆறு கோல்ட் ஃபிஷ் வளர எந்த ஃபில்டரும் போதாது. ஃபைட்டர் மீனுக்கும் கப்பி மீன் குஞ்சுக்கும் மோட்டாரின் வேகம் ஆகாது; ஏர் பம்ப்பும் ஸ்பாஞ்சும் போதும். கழிவு அதிகம் போடும் மீனுக்கு மணிக்கு நாலைந்து முறையாவது மொத்தத் தண்ணீரும் ஃபில்டர் வழியாகச் சுற்றி வரவேண்டும். பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கு, ஸ்பாஞ்ச் இல்லாமல், தண்ணீரை மேலே ஏற்றாமல் ஓடும் மோட்டாருக்கானது. ஃபில்டர் விடும் தண்ணீரில் 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 600 லிட்டர். கடையிலேயே இதைப் பிடித்துக் காட்டலாமே? கரண்ட் போனால் என்ன ஆகும் என்றும் ஒரு வார்த்தை சொல்லலாம். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் ஆக்சிஜன் தீர்ந்தால் பாக்டீரியா சாகத் தொடங்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருந்தால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் கடைகளில் வரிசையாக ஓடுவதும் அந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். கொளத்தூரில் தலைமுறையாக மீன் வளர்ப்பவர்களிடம் நான் கற்றதும் இதைத்தான். உங்கள் மீனுக்குத் தெரிந்து செய்வதை எங்கள் மீனுக்கு ஏன் சொல்வதில்லை? உள்ளங்கை அகலக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஃபைட்டரை அடைத்துப் பிறந்தநாள் பரிசாக விற்பது, சாயம் ஊசி போட்ட, உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் மீனை "புது வெரைட்டி" என்பது, இதையெல்லாம் பார்க்கப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. செத்த மீனுக்குப் பதில் மீன் வாங்க வருகிறவரை நம்பித்தான் வியாபாரம் நடக்கிறதோ என்று நினைக்க வைக்கிறீர்கள். அப்படி வருகிறவர்கள் இரண்டாம் முறைக்குப் பிறகு தொட்டியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

கடிந்து பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றே. தொட்டியையும் ஃபில்டரையும் முதலில் கொடுங்கள். உங்கள் தொட்டியில் ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஒன்றையும், மீன் நோயில்லாத தொட்டியாகப் பார்த்து, ஈரம் காயாமல் கொடுத்தால் காத்திருக்கும் நாளும் குறையும். அதற்குக் காசு வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழியச் சொல்லுங்கள். அம்மோனியா டெஸ்ட் கிட்டை மருந்து பாட்டில்களுக்கு முன்னால் வையுங்கள். மீனைப் பிறகு விற்றுக்கொள்ளுங்கள், தயவுசெய்து.