சின்னம்மாவுக்கு: தங்கச்சியின் குறிப்பில் தொலைந்த அரை மணித்தியாலம்

அன்புள்ள சின்னம்மா,

போன ஞாயிறு தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பி வந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வாய் திறந்திருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். எழுதினால் ஒரு வசதி, "உனக்கென்னடா தெரியும்" என்று நீங்கள் இடையில் மறிக்க முடியாது.

தங்கச்சிக்குக் கலியாணம் பேசின கொட்டாஞ்சேனைப் பெடியனை உங்களுக்கும் பிடித்தது, அவளுக்கும் பிடித்தது. பிறகு பம்பலப்பிட்டிச் சாத்திரியார் "பிள்ளைக்கு எட்டில் செவ்வாய், செவ்வாய்க் குற்றம், பெடியனுக்கு அது இல்லை, இரண்டு குறிப்பின்ர பாவக் கணக்கும் ஒத்துவரேல்லை" என்றார். மூவாயிரம் ரூபாய், இருபது நிமிடம், கதை முடிந்தது.

அன்றைக்கு மேசையில் கிடந்த அவளுடைய சாதகக் குறிப்பை நான் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். தெஹிவளைக்கு வந்து, சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1998 ஒக்டோபர், கொழும்பு, பகல் 1.05. மகர இலக்கினம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதித்த ராசி மகரம். செவ்வாய் சிங்கத்தில். மகரத்திலிருந்து எண்ணினால் சிங்கம் எட்டாம் வீடு. எண்ணிக்கையில் பிழை இல்லை. ஆனால் அந்த 1.05 எந்த மணிக்கூட்டின் 1.05?

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1996 மே மாதம், கரண்ட் தட்டுப்பாட்டுக் காலத்தில், அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரைவாசியைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 சித்திரை வருடப்பிறப்போடுதான் திரும்பி வந்தது. அந்தக் காலம் முழுக்க, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் போனால் பழைய நேரம், வெளியே வந்தால் புது நேரம். சித்தப்பா வவுனியா போய் வந்தால் கை மணிக்கூட்டை மாற்றவே மாட்டார், மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொள்வார். அதே சித்தப்பாதான் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்து டயரியில் 1.05 என்று எழுதியவர்.

பழைய கணக்கில் அது 12.35. அந்த நேரத்தில் கொழும்பில் மகரம் உதிக்கவே தொடங்கவில்லை, தனுசின் கடைசிப் பாகைகள்தான் போய்க்கொண்டிருந்தன. தனுசிலிருந்து எண்ணிப் பாருங்கோ, சிங்கம் ஒன்பது. எட்டில் இருந்த செவ்வாய் எழும்பிக் குற்றமில்லாத பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். ராசியை ஒன்பதாய்ப் பிரிக்கிற நவாம்சம் ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒருக்கால் மாறுவது, ஆகவே அதுவும் முழுப் பிழை. சாத்திரியாரின் கம்பியூட்டர் இலங்கை என்றால் எல்லா வருடத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன் என்றே எடுத்துக்கொள்கிறது. போன் பண்ணிக் கேட்டேன். "தம்பி, நேரம் தந்தது அம்மாதானே" என்றார். இன்னொரு சாத்திரியாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சிங்கத்தில் இருக்கிற செவ்வாய்க்குக் குற்றமே இல்லை, இலக்கினம் எதுவாய் இருந்தால் என்ன" என்றார்.

இந்த இடத்திலேயே கடிதத்தை நிறுத்தியிருந்தால் நீங்கள் சந்தோசப்பட்டிருப்பீர்கள், கலியாணமும் நடந்திருக்கும். இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. இதைக் காட்டி உங்களை வெல்வதென்றால் சாத்திரம் சரி, மணிக்கூடுதான் பிழை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி.

எனக்கு இடறுகிற விசயம் வேறு. அன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள், "அவளின்ர குணத்தை அச்சொட்டாச் சொன்னவர், பிடிவாதம், உள்ளுக்குள்ள அழுகிற சுபாவம், எல்லாம்" என்று. அவர் வாசித்தது மகர இலக்கினத்துப் பலனை. அவளுடைய இலக்கினமே இல்லாத ஒன்று உங்கள் மகளுக்கு அச்சொட்டாய்ப் பொருந்தியிருக்கிறது. அந்தப் பத்து வருடத்தில் கொழும்பில் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படி அரை மணித்தியாலம் பிசகிய குறிப்பு இருக்கும்? அவர்களுடைய தாய்மாரும் "அச்சொட்டு" என்றுதானே சொல்லிக்கொண்டிருப்பார்கள்? பிழையான குறிப்பும் சரியான குறிப்பு அளவுக்குப் பலிக்கிறதென்றால், பலிக்க வைப்பது குறிப்பு இல்லை.

1948இல் பேர்ட்ரம் போரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் 39 மாணவர்களிடம் ஒரு சோதனை வைத்து, உங்கள் ஒவ்வொருவருடைய குணமும் இதுதான் என்று தனித்தனித் தாளில் கொடுத்தார். பொருத்தத்துக்கு ஐந்துக்குச் சராசரி 4.26 புள்ளி போட்டார்கள். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே எழுத்து, பெட்டிக்கடைச் சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கியது. "வெளியில் உறுதி, உள்ளே கலக்கம்" என்று யாருக்குச் சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வோம், சின்னம்மா.

"வெள்ளைக்காரன்ர சோதனை எங்கட சாத்திரத்துக்குச் சரிவராது" என்பீர்கள். சரி, புனேயில் நடந்ததைக் கேளுங்கோ. வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர், எங்கள் முறைச் சோதிடத்தை எங்கள் முறையிலேயே சோதித்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் 100 பேர், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர், இருநூறு பேரின் சாதகம். ஒவ்வொரு சோதிடருக்கும் நாற்பது சாதகம் கொடுத்து, எது எந்தப் பிள்ளையுடையது என்று மட்டும் கேட்டார். ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்குமா? 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரி 46 வீதம் சரி. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். இருநூறையும் வாங்கிய ஒரு சோதிட நிறுவனம் 102ஐச் சரியாகச் சொன்னது. அதுவும் காசு சுண்டினதுதான்.

செவ்வாய்க் குற்றத்துக்கு சோதனைகூட வேண்டாம், விரல் விட்டு எண்ணினால் போதும். இலக்கினத்திலிருந்து எண்ணி, செவ்வாய் இருந்தால் குற்றம் என்கிற வீடுகள் 2, 4, 7, 8, 12. பன்னிரண்டு வீட்டில் ஐந்து. நூறு பேரில் நாற்பதுக்கு மேல் குற்றவாளிகள். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் பார்க்க வேண்டும் என்கிற சாத்திரியிடம் போனால் பத்தில் எட்டுப் பேர் மாட்டுவார்கள். அதனால்தானே விதிவிலக்கு இவ்வளவு: ஆட்சியில் இருந்தால் இல்லை, உச்சத்தில் இருந்தால் இல்லை, சிங்கத்தில் இருந்தால் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு யன்னலைத் திறந்து வைக்கிற வேலை.

பஞ்சாங்கம் கிரகணத்தைச் சொல்கிறதே என்று கேட்பீர்கள். அதற்கு நான் தலை வணங்குகிறேன். 2019 டிசம்பர் 26 யாழ்ப்பாணத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது, பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருந்தது. அது கணக்கு. பிழைத்தால் எல்லாருக்கும் தெரியும், திருத்துவார்கள். பலன் சொல்கிற பக்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கணக்கிலும் ஒற்றுமை இல்லையே: திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29, வாக்கியப் பஞ்சாங்கத்தில் 2026 மார்ச் 6. இடைப்பட்ட பதினொரு மாதமும் மேட ராசிக்காரருக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டதா, இல்லையா? இரண்டு பஞ்சாங்கத்தையும் ஒரே கடையில் வாங்கலாம்.

அம்மப்பா யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஏப்ரகாம் கோவூரிடம் தாவரவியல் படித்தவர் என்று பெருமையாகச் சொல்வார். கோவூர் பிறகு கொழும்புக்கு வந்து, தெய்வீக சக்தி என்பவர்கள் நிரூபித்துக் காட்டட்டும், ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று அறிவித்தார். 1978இல் அவர் கண்ணை மூடும்வரை அந்தக் காசு யாருக்கும் போகவில்லை. அந்த அம்மப்பாவே உங்களுக்குப் பொருத்தம் பார்த்துத்தான் கட்டிக்கொடுத்தார். பத்துக்கு எட்டுப் பொருத்தம்.

எழுதவா விடவா என்று இந்தப் பந்தியை மூன்று தரம் அழித்தேன். சித்தப்பாவுக்கு ஐம்பதில் கண்டம் என்று பழைய சாத்திரியார் சொன்னது பலித்துவிட்டது என்றுதான் நீங்கள் பயப்படுகிறீர்கள். ஆனால் எட்டுப் பொருத்தம் போட்டுத் தந்ததும் அவரேதான். தீர்க்காயுசு, தீர்க்க சுமங்கலி என்று அவர் கைப்பட எழுதிய கொப்பி இன்னும் உங்கள் அலுமாரியில் இருக்கிறது. எனக்கு 28இல் வெளிநாட்டு யோகம் என்றும் அவர்தான் சொன்னார். 41 வயதில் காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்கிறேன். சித்தப்பாவின் நெஞ்சுவலியை நாங்கள் வாய்வு என்று இரண்டு நாள் விட்டோம். எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது, கண்டம் இல்லை.

திருத்திய குறிப்பு என் பையில் கிடக்கிறது. இந்தக் கடிதத்தோடு அனுப்பவில்லை. கேட்டால் தருவேன், கேட்காமல் இருந்தால் நல்லது. தங்கச்சி என்னிடம் ஒன்றும் முறையிடவில்லை. "அம்மாவுக்கு மனசு சரியில்லாட்டி விடுங்கோ அண்ணா" என்று மட்டும் சொன்னாள். உள்ளுக்குள்ளே அழுகிற சுபாவம் என்று சாத்திரியார் சொன்னாரே, அதை மட்டும் நம்புங்கோ.

பெடியனின் தாயாருடைய நம்பர் உங்கள் போனில் இருக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். அந்தப் பத்து வருடமும் ராகுகாலம் சூரியனைப் பார்த்து வந்ததா, அரசாங்கத்தின் மணிக்கூட்டைப் பார்த்து வந்ததா என்று இப்போது கேட்க மாட்டேன். பன்னிரண்டு கழிந்தபிறகு எடுங்கோ.

அன்புடன்,
அக்காவின் மூத்தவன்