பிளஸ் ஒன் செவிலியப் பிரிவு மாணவர்களின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அடுத்த மாதம் பிள்ளைகள் அரசு மருத்துவமனைக்குக் களப்பயிற்சிக்குப் போகிறார்கள். "ஊசி போடச் சொல்லித் தருவீங்கன்னு சேர்த்தோம், ரிஜிஸ்டர் எழுதத்தானே வைக்கிறீங்க?" என்று கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் படிக்கிற பிள்ளைகள் நோயாளிகளுக்கு ஊசி போடப் போவதில்லை, போடவும் கூடாது.

எழுதுகிற வேலையைத்தான் குறைவாக நினைக்கிறோம். பக்கவாதம் என்று ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அந்த நேரம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை. அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. கூட வந்தவரோ "காலையிலேருந்தே ஒரு மாதிரி இருந்தார்" என்பார். "காபி குடிச்சப்போ நல்லா பேசினாரா? அப்போ மணி என்ன?" என்று பதறாமல் கேட்டு எழுதத் தெரிய வேண்டும். பாம்பு கடித்த நேரமும் அப்படித்தான். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108. அதுவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஓ.பி. சீட்டு இன்னொரு பாடம். ஒரே நாளில் இரண்டு லட்சுமி வருவார்கள். பெயரோடு வயது, அப்பா அல்லது கணவர் பெயர், ஊர் எல்லாம் சேராவிட்டால் ஒருவர் ரத்தப் பரிசோதனை முடிவு இன்னொருவர் கைக்குப் போய்விடும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைச் சீட்டின் மேலேயே பளிச்சென்று எழுதப் பழக்கியிருக்கிறோம்.

நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முதலுதவியைப் பொம்மையில் பழகுகிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம். இரண்டே நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், அதனால் ஆள் மாற்றிச் செய்யவும் சொல்லித் தருகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சாயங்காலம் வீடு வந்ததும் "நம்ம ஊர்க்காரங்க யாரைப் பார்த்தே? என்ன வியாதியாம்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதைச் சொல்லக் கூடாது என்பதும் அவர்கள் படிக்கிற பாடம்.

இணைத்துள்ள சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று பாருங்கள். அட்டை தொலைந்திருந்தால் கிராம செவிலியரிடம் கேட்கலாம். மூடிய செருப்பு, ஒட்ட வெட்டிய நகம் கட்டாயம். அப்புறம், நாடி எண்ண விநாடி முள்ளுள்ள கைக்கடிகாரம் ஒன்று வேண்டும். சாதாரணமானதே போதும், வாங்க முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், பள்ளியிலேயே தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்