சூப்பர்கோர்சா ஆசை

அன்புள்ள மச்சான்,

இத்தனை நாள் மூச்சு விடாமல் இருந்துவிட்டு இப்போது டயரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று திட்டாதே. வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் முதுகைத் தவிர. நீ பைக்கின் பின் டயரைக் கழற்றிவிட்டு, ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் போடும் பிரெல்லி டயாப்லோ சூப்பர்கோர்சா டயரைப் போடப் போவதாகப் பெருசு சொன்னான். கேட்டதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

ஆசை புரிகிறது. ஓரத்தில் ஒரு பள்ளம்கூட இல்லாமல் வழவழவென்று ரேஸ் டயர் மாதிரியே இருக்கும். வண்டியை நிறுத்தினால் நாலு பேர் குனிந்து பார்ப்பார்கள். ஆனால் உன் ஓட்டம் என்ன? நேர் சாலை, பின்னால் தங்கச்சி, இரண்டு பக்கமும் பை. அந்த வழவழப்பான ஓரம் தரையைத் தொட நீ எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று யோசித்துப் பார்.

நான் போன வாரம்தான் என் பின் டயரைக் கழற்றினேன். அதுவும் மெத்து ரப்பர் வகைதான். நடுவில் தேய்மானக் கட்டை (டயர் தேய்ந்துவிட்டது என்று காட்ட பள்ளத்துக்குள் இருக்கும் மேடு) தரையோடு தரையாகத் தெரிகிறது. ஓரத்திலோ புது டயரின் ரப்பர் முடி அப்படியே நிற்கிறது! என் சாய்ப்பைப் பற்றி நீ பண்ணும் கிண்டலுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது, நன்றாகச் சிரித்துக்கொள். ஆனால் ஒன்று கவனி. டயர் மொட்டையாவதற்கு வெகு முன்பே நடு தட்டையாகிவிடுகிறது. வளைவில் முதலில் வண்டி சாய மறுக்கும். கொஞ்சம் அழுத்தினால் அந்தத் தட்டையின் விளிம்பைத் தாண்டித் தொப்பென்று ஒரேயடியாகச் சாயும். எத்தனை கிலோமீட்டர் வந்தது என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், அதில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டச் சுகமாக இருந்தது என்று சொல்வதே இல்லை.

இந்தத் தொல்லைக்குக் கம்பெனிகள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருப்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மிச்சலின் நடுவில் கடினமான ரப்பர் கலவையும் ஓரத்தில் மெத்தானதும் வைக்கிறது. 2சிடி பிளஸ் என்கிற வகையில் அந்தக் கடின ரப்பர் ஓரத்து மெத்து ரப்பருக்கு அடியிலும் ஓடும். சாய்ந்தபடி ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஓரம் நெளியாமல் தாங்கும். கான்டினென்டல் இரண்டு ரப்பர் வைப்பதில்லை. ஒரே ரப்பரை வேகவைக்கும் சூட்டை இடத்துக்கு இடம் மாற்றி, நடுவைக் கெட்டியாகவும் ஓரத்தை மெத்தாகவும் எடுக்கிறது. மெட்ஸலர் ரப்பரை விட்டுவிட்டு உள்ளே சுற்றும் எஃகுக் கம்பியில் கைவைத்தது: நடுவில் இழுத்துக் கட்டும், ஓரத்தில் கொஞ்சம் தளர்த்தும். தளர்ந்த இடம் நெளிந்து சூடேறிப் பிடிக்கும். கம்பியில் கைவைத்தவனுக்குத்தான் என் ஓட்டு, காரணம் கேட்காதே.

கிரிப் (சாலைப் பிடிப்பு) மட்டுமே போதும் என்று வாதாட வராதே. 2013-ல் ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் நடந்த மோட்டோஜிபி பைக் பந்தயம் ஞாபகம் இருக்கிறதல்லவா? புதிதாகத் தார் போட்ட ட்ராக் டயர்களைத் தின்றது. பந்தயத்தை 19 சுற்றாகக் குறைத்து, நடுவில் எல்லோரும் வண்டி மாற்றியே ஆக வேண்டும், ஒரு டயரில் 10 சுற்றுக்கு மேல் கூடாது என்றார்கள். மார்க்கேஸ் ஒரு சுற்று கூடுதலாக ஓட்டிவிட்டு உள்ளே வந்தார், கறுப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை விட்டே வெளியேற்றினார்கள். லொரென்சோ ஜெயித்தார். நீ அன்று போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, இனிமேல் சொல்வது விளையாட்டில்லை. ட்ராக்குக்கான ரப்பர் சூட்டில்தான் வேலை செய்யும். அதனால்தான் பந்தயத்தில் டயரைச் சுற்றி வார்மர் என்கிற மின்சாரப் போர்வை கட்டிக் காய்ச்சி எடுக்கிறார்கள். சாலையில் அந்தச் சூடு எளிதில் வராது, வந்தாலும் ஒரு நீண்ட நேர்சாலையில் ஓரங்கள் ஆறிவிடும். குளிர்ந்த காலையில், அதிலும் மழையில், சிலிக்கா அதிகம் கலந்த ஸ்போர்ட் டூரிங் டயர் (நெடுந்தூரச் சாலை ஓட்டத்துக்கான வகை) அதைவிட நன்றாகவே பிடிக்கும். பள்ளம் குறைந்த டயருக்குத் தண்ணீரைத் தள்ள இடமும் இல்லை. இந்த மாதிரி டயரில் பெருசு விழுந்தது முதல் வளைவில்தானே? வேகமாகக்கூடப் போகவில்லை. அவனுக்குத் தோள்பட்டையோடு போயிற்று. உன் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் மச்சான்.

அதனால் என் தீர்ப்பு: தனியாக மலைச்சாலை சுற்றுவதுதான் அதிகம் என்றால் டயாப்லோ ரோஸோ 4. இப்போதைய ஓட்டமே தொடரும் என்றால் ஸ்போர்ட் டூரிங் வகையில் மிச்சலின் ரோடு 6, இல்லையென்றால் மெட்ஸலர் ரோட்டெக் 01 எஸ்இ. ரோடு 6 போட்டால் வண்டி கிழவன் வண்டி ஆகிவிடும் என்று பயப்படாதே. இந்த வகை டயர் தாங்குகிற சாய்வை நீயோ நானோ சாலையில் முழுதாகப் பயன்படுத்தவே மாட்டோம்.

எதைப் போட்டாலும் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பார்த்து வாங்கு. 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் செய்தது. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். புது டயரின் வழுக்கல் போகும்வரை முறுக்காதே. அப்புறம் காற்று. ட்ராக்கில் குறைப்பதைப் பார்த்துவிட்டு நீயும் 30 பிஎஸ்ஐ-க்கு இறக்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், கொஞ்சம்கூட நன்றாக இல்லை. உன் மேனுவலில் முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ போட்டிருக்கும். டயர் ஆறியிருக்கும்போது அதை வைத்து ஓட்டு. இரண்டு பேரும் பையுமாகக் குறைந்த காற்றில் ஓடினால் டயர் நெளிந்து நெளிந்து சூடேறியே பாழாகும், ஆயுளும் போகும்.

ஆர்டர் போடுவதற்கு முன்னால் பதில் எழுது. பெருசைப் பார்த்தால் வண்டியைத் தூக்கி நிறுத்தும் என் பேடாக் ஸ்டாண்டைத் திருப்பித் தரச் சொல், புது டயர் வந்தும் வண்டி செங்கல் மேல்தான் நிற்கிறது.

உன்,
குண்டு