விமானி மாமாவின் பதினாறாம் நாள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். மூன்றாம் மாடி விமானி மாமாவின் பதினாறாம் நாள் காரியம் வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு, அவருடைய வீட்டிலேயே நடைபெறும்.

அரச மலேசிய ஆகாயப்படையில் நூரி ஹெலிகாப்டர் ஓட்டியவர். பட்டர்வொர்த் தளத்தில்தான் நெடுங்காலப் பணி. அரை நூற்றாண்டு உழைத்த நூரிக்கு 2020இல் ஓய்வு கொடுத்தபோது, நெருங்கிய உறவு போனதுபோல் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

மலேசியாவின் கிழக்குக்கரையில் வெள்ளம் வரும் பருவத்தில்தான் பொங்கலும் வரும். மாமா மீட்புப் பணிக்குப் போயிருந்தால் அத்தை அடுப்பு மூட்டமாட்டார். அவர் வீடு திரும்பும் நாளில்தான் பானை பொங்கும். தை பத்தாம் தேதியும் அந்த வீட்டில் பொங்கல்தான்! காரில் பினாங்குப் பாலம் தாண்டுவதென்றாலும் நான்கு டயரையும் குனிந்து பார்த்து, பிள்ளைகளின் இருக்கைப் பட்டையை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். பிள்ளைகள் முனகுவார்கள், அவர் காதில் விழாது.

பூமாலை வேண்டாம் என்கிறார் அத்தை. மாமாவின் பழைய படங்கள் இருந்தால் சனிக்கிழமைக்குள் இங்கே பகிருங்கள். கார் நிறுத்த இடம் குறைவு, சேர்ந்து வாருங்கள்.