தாத்தா பூச்சியும் டான்டிலியனும்

அன்பு மகள் யாழினிக்கு,

காம்பு நுனியில் மெல்லிய இழைக் குடையோடு காற்றில் மிதக்கும் டான்டிலியன் செடியின் விதையை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் ஒரு தடவை ஐந்து வினாடி, அடுத்த தடவை எட்டு வினாடி வருகிறது என்று எழுதியிருந்தாய். குறை விதையில் இல்லை, அறைக் காற்றில் இருக்கிறது. அந்த விதை இறங்குவதே வினாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான். உன் உடம்புச் சூட்டில் மேலே எழும் காற்றின் வேகமே அதில் பாதிக்கு வரும். அதனால் ஒட்டி நிற்காதே. நீளக் குச்சி நுனியில் இடுக்கியைக் கட்டி, விதைக் காம்பைப் பிடித்து, தள்ளி நின்று விடு. ஹீட்டரை அணைத்து, ஜன்னலைச் சாத்திப் பத்து நிமிடம் காத்திரு. சுவரில் டேப் ஒட்டி, முதல் அரை மீட்டரையும் தரைக்கு மேல் அரை மீட்டரையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் செல்போன் வீடியோவில் அள. பதினொரு தடவை விட்டு, எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையிட்டு, நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள். ஈரப்பதம் ஏறினால் குடை சுருங்கிவிடும், வேகமும் கூடும். மழை நாளில் பறித்ததை அறைக்குள் உலரவிட்டு, முழுக்க விரிந்த பிறகு எடு.

இழைகள் இருப்பதால் மிதக்கிறது என்று நீ எழுதியது பாதிதான் சரி. குடையில் ஏறக்குறைய நூறு இழை, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் இடைவெளி. அந்த இடைவெளிதான் மீதிப் பாதி! ஒவ்வொரு இழையையும் சுற்றிக் காற்று கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நகரும். பக்கத்து இழையிலும் அப்படியே. ஆகவே ஓட்டை பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே புகும் காற்று குறைவு. புகுந்த அந்தக் கொஞ்சம்தான் குடைக்கு மேலே, எதையும் தொடாமல், வளையமாகச் சுழலும் காற்றை நிலையாக நிற்கவைக்கிறது; அதனால்தான் விதை மெதுவாக இறங்குகிறது. 2018-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் நேச்சர் அறிவியல் இதழில் இதைப் படத்தோடு காட்டினார்கள். அதே அகலத்தில் ஓட்டையில்லாத தட்டு என்றால் வளையம் நிலைக்காமல் பிய்ந்து பிய்ந்து போகும். கத்தரியால் இழை வெட்டிப் பார்க்க நினைத்தால் சுற்றிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டு; ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் குடை சாய்ந்து, கணக்கு கெடும்.

நம்மூர் எருக்கு விதைக்கு, அதாவது தாத்தா பூச்சிக்கு, இதை அப்படியே பொருத்திவிடாதே. அதற்குக் காம்பு கிடையாது, நீளமான பட்டிழைகள் விதை நுனியிலிருந்தே கிளம்புகின்றன.

விதை கிலோமீட்டர் தூரம் போகும் என்று நீ போட்ட கணக்கிலும் ஒரு பிசகு. 30 சென்டிமீட்டர் தண்டு, வினாடிக்கு 3 மீட்டர் காற்று என்றால் விதை முக்கால் வினாடியில் தரை தொடும். போவது இரண்டே கால் மீட்டர். அதற்கு மேல் போக, பக்கவாட்டில் வீசும் காற்று மட்டும் போதாது. வெயிலில் தரை சூடாகி எழும் காற்று வினாடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தைத் தாண்டினால்தான் விதை ஏறும். செங்குத்து வேகத்தையும் சேர்த்து மறுபடி போடு.

புது அளவுகளை எழுதும்போது அறையின் ஈரப்பதத்தையும் பக்கத்தில் குறித்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா